பாலாமணி சொன்ன சரி

திருச்சுழிக் கடைத்தெருவில் அன்று காலை அஷ்வினி முதியவளாக நடந்துகொண்டிருந்தாள்.

மூக்குக்கண்ணாடியில் வாஸலின் தடவியிருந்தது. காதில் பஞ்சு. கணுக்கால்களில் மணல் பை. விரல்கள் மடங்காமலிருக்கக் கையுறைக்குள் அட்டைத் துண்டுகள். அருப்புக்கோட்டை பஸ் ஒரு பெரிய மங்கலான நிறமாக வந்து, சத்தமே இல்லாமல் அவளைக் கடந்து போனது. வெயில்கூட வேறு யார் மீதோ அடிப்பது போலிருந்தது. உலகம் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் ஒரு இதமும் இருந்தது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது வருமே, அந்த மாதிரி. கொய்யாப்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா ஏதோ கேட்டார். கண்ணில் ஆபரேஷனா என்று கேட்டிருக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டு பதிலைத் தேடி எடுப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

பயிற்சியின் களப்பகுதி அப்படித்தான் தொடங்கியது. முதுமையையும் முதுமையில் வரும் நோய்களையும் ஆராய இளம் விஞ்ஞானிகளைத் தயார்செய்யும் இரண்டாண்டுப் பயிற்சி அது. மதுரையில் ஆய்வுக்கூடம், திருச்சுழியில் ஒரு வாடகை வீடு. நடத்துபவர் டாக்டர் முத்துலட்சுமி. நரம்பு மருத்துவர், நாற்பது வயதைத் தாண்டியவர், வேகமாகப் பேசி வேகமாக நடப்பவர். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளை ஒரு பருவமாவது வெயிலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. அஷ்வினி பெங்களூரில் புழுக்களோடு ஐந்து வருடம் இருந்தவள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத, கண்ணாடி போன்ற புழுக்கள். மூன்று வாரத்தில் பிறந்து, முதிர்ந்து, தளர்ந்து, செத்துப்போகும். முதுமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றிடமிருந்து தெரிந்துகொண்டதுதான். மனிதர்களை அவள் இன்னும் தொட்டதில்லை.

வாடகை வீட்டுக்குத் திரும்பி வேடத்தைக் கழற்றியதும் முத்துலட்சுமி, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

உடன் பயிலும் முகம்மது அனீஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவன் புள்ளியியல் படித்தவன், ஊர் திருச்சுழிப் பக்கம்தான். "ரோட்டோரமா நின்னேன் மேடம். ரெண்டு பேரு வந்து கையப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டாக. நான் இந்தப் பக்கமே நிக்கத்தான் வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அஷ்வினியும் சிரித்தாள்.

அனீஸுக்குப் பரளச்சிப் பக்கக் கிராமங்கள் கிடைத்தன. வயதானவர்களை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லி வேகத்தை அளப்பது அவன் வேலை. அஷ்வினிக்கு அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும். நினைவு மங்கத் தொடங்கியவர்களைக் கண்டுபிடித்து, அவர்களில் ஆரம்ப நிலையில் இருக்கிற சிலரிடம் முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, நோய் முற்றுவதற்கு முன்பே அதில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவளே எழுதிக் கொடுத்த திட்டம். ஆரம்ப நிலைக்காரர்கள் கிடைப்பது லேசல்ல. வீட்டு ஆட்கள் கவனித்துக் கூட்டி வருவதற்குள் நோய் பாதி தூரம் போயிருக்கும்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சீமை. கரிசல் வாய்பிளந்து கிடந்தது. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தால், சீமைக்கருவேலத்துக்கு மேலே கானல் எழும்பி, தூரத்து வீடுகளெல்லாம் தண்ணீரில் மிதப்பது போலத் தெரியும். அந்த மதியங்களில் அஷ்வினிக்குப் பாதித் தூக்கத்தில் புழுக்கள் வரும். அவை மெல்ல நெளிந்து, நின்று, மறுபடி நெளியும். கண்டக்டர் "பாளையம்பட்டி இறங்கு" என்றதும் எந்த உலகத்தில் இறங்குகிறோம் என்று ஒரு கணம் தெரியாது.

வெங்கடரமணனின் பலசரக்குக் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பாலாமணி அருப்புக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை.

"கேளுங்க பாப்பா, என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் வெங்கடரமணன். "ரெண்டு வருசமா ஒரு மாதிரி இருக்கா. அடுப்புல பால வச்சுட்டு வாசல்ல நிப்பா. எங்கூட அதிகம் பேசுறதில்ல. என்ன சொன்னாலும் சரிம்பா. சண்டைக்குக்கூட வரமாட்டேங்கா."

பாலாமணி நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருத்தமான குங்குமம். அஷ்வினி நிதானமாகத் தமிழில் கேட்டாள். இன்று என்ன கிழமை? பாலாமணி சொன்னார்: சரி. இது எந்த ஊர்? சரி. மூன்று சொற்கள் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்கிறீர்களா? சரி. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது பாலாமணி மின்விசிறியைப் பார்த்து, மரியாதையாகப் புன்னகைத்து, சரி என்றார்.

மதிப்பெண் மிகக் குறைவாக வந்தது. ஆரம்ப நிலையை எப்போதோ தாண்டியவர் என்று அதற்கு அர்த்தம். திட்டத்துக்கு ஆகாது. ஆனாலும் அஷ்வினிக்கு அந்த முகம் பிடித்திருந்தது. மறுவாரம் வேறொரு வீட்டுக்குப் போன வழியில் கடையில் ஏறினாள்.

வெங்கடரமணன் சரக்கு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு முத்துத்தாய் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள போங்க, அவுக முழிச்சுத்தான் இருக்காக" என்றாள்.

உள்ளே பாலாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "அருப்புக்கோட்டை. மதுரை லைன் பிஸியா இருக்கு, இருங்க, தாரேன்." குரல் இளமையாக, வழவழப்பாக இருந்தது. சீப்பை இறக்கியதும் குரல் மாறியது. தனக்குத்தானே, தாழ்வாக, கன்னடத்தில் பேசத் தொடங்கினார். இந்த ஜனங்களுக்குக் காத்திருக்கவே தெரியவில்லை, மேஸ்திரி மகள் லீவு போட்டுவிட்டாள், எனக்குக் காலெல்லாம் உளைகிறது.

அஷ்வினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அது அவள் வீட்டுக் கன்னடம். சின்னாளப்பட்டியில் அவள் அம்மா பேசிய, நெசவுக்காரத் தெருக்களின் கன்னடம். தமிழோடு குடித்தனம் நடத்தி நடத்தித் தமிழின் சாயலே வந்துவிட்ட கன்னடம். பெங்களூர் விடுதியில் முதல் வாரம் அதைப் பேசியபோது அறைத்தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பின் அவள் அதைப் பேசவில்லை. அம்மா போன பிறகு பேசுவதற்கு ஆளும் இல்லை.

"கால் உளைஞ்சா கொஞ்சம் நீட்டிக்கோங்களேன்" என்றாள் கன்னடத்தில். நாக்கு தயங்கித் தயங்கித்தான் வந்தது.

பாலாமணி திரும்பிப் பார்த்தார். முகத்தில் யாரோ விளக்கைத் தூண்டியது போலிருந்தது. யார் வீட்டுப் பெண் நீ என்று கேட்டார். வா, உட்கார் என்றார். வெயிலில் வந்திருக்கிறாயே, தண்ணீர் குடித்தாயா என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். எக்ஸ்சேஞ்சில் வயர்களைச் செருகும் பலகை, ராத்திரிப் பணி முடிந்து வரும் விடியற்காலை, தன் அக்காவின் கல்யாணத்தில் பெய்த மழை. சில இடங்களில் நூல் அறுந்தது. அக்காவும் அம்மாவும் ஒருவரானார்கள். ஆனால் அறுந்தது தெரிந்ததும் அவரே நின்று தேடினார். அஷ்வினி பேச்சோடு பேச்சாக அதே கேள்விகளைக் கன்னடத்தில் கேட்டாள். கிழமை தெரிந்தது. ஊர் தெரிந்தது. மூன்று சொற்களில் இரண்டு திரும்பி வந்தன.

பாலாமணி ஆரம்ப நிலையில்தான் இருந்தார். தமிழ்தான் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வெங்கடரமணன் திரும்பி வந்து இதைக் கேட்டதும் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"எனக்குக் கன்னடம் தெரியாதும்மா" என்றார். "எங்க வீட்டுல தெலுங்கு. அவுக வீட்டுல கன்னடம். ரெண்டு பக்கமும் வேணாம்னாக. சங்கத்துலருந்து நான் ட்ரங்க் கால் புக் பண்ணுவேன், இவ லைன் குடுப்பா. அந்தக் குரலக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க பேசினது பூராம் தமிழ்தான்." பையை மெதுவாக இறக்கினார். "அதுதான் போகுதா?"

அஷ்வினி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்ப உங்க சோதனைக்கு இவ ஆவாளா?" என்று அவரே கேட்டார். கண்கள் பளபளத்தன. "அந்தத் தண்ணி எடுப்பீகளே, அது. எடுத்தா ஏதாச்சும் வழி தெரியும்ல?"

"இவங்களுக்கு உடனே பலன் ஒண்ணும் இருக்காதுங்கய்யா. பின்னால வர்றவங்களுக்கு..."

"தெரியும் தெரியும். எடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

இப்படி ஒருவர் கிடைப்பார் என்று அஷ்வினி எதிர்பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் தவறவிட்டவர்களும் இப்படி இருப்பார்களோ என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. இன்னொரு பக்கம் அவள் திட்டம் உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்தது. திருச்சுழி வீட்டில் முத்துலட்சுமி விவரம் கேட்டுவிட்டு, "நல்ல காரியம் பண்ணியிருக்க. வீட்டுக்காரர் சம்மதம் சட்டத்துக்குப் போதும். அந்த அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுரு" என்றார்.

கேட்டாள். ஆனால் தமிழில் கேட்டாள்.

அது எப்படி நடந்தது என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. வெங்கடரமணன் பக்கத்தில் நின்றிருந்தார், அவருக்கும் புரியட்டும் என்று தமிழில் தொடங்கினாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே எங்கோ ஒரு இடத்தில், தமிழில் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மதுரைக்குப் போய் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்கலாமா அம்மா?

"சரி" என்றார் பாலாமணி.

மறுநாள் பரளச்சிக்குப் போனபோது அனீஸிடம் அதைச் சொன்னாள். ஊர்ப் பொது இடமான மந்தையில் ஆண்டிச்சாமி என்கிற பெரியவர் அனீஸ் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் மிகுந்த கவனத்தோடு நடந்துகொண்டிருந்தார். "நாங்க நடக்குறதப் பாக்கவா மதுரையிலருந்து வந்தீக" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

அனீஸ் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "சரின்னுட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றான்.

"எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றாங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஆண்டிச்சாமியின் நேரத்தைக் குறித்துக்கொண்டான். மேற்கே வானத்தின் அடியில் மேகம் கட்டியிருந்தது.

மதுரைக்குப் புறப்பட்ட காலையில் தூறல் விழுந்தது. வேனில் பாலாமணி ஜன்னலோரம். பக்கத்தில் வெங்கடரமணன், புதுச் சட்டை போட்டிருந்தார். பின்னிருக்கையில் அஷ்வினி. ஊர் தாண்டியதும் தூறல் மழையானது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிலம், மரம், ஆடு எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாக ஓடின. கரிசல் மண்ணின் வாசனை வேனுக்குள் நிறைந்தது. பாலாமணி கண்ணாடியில் விரலால் ஒரு துளி இறங்குவதைப் பின்தொடர்ந்தார். அது கீழே போய்ச் சேர்ந்ததும் மேலே போய் இன்னொன்றைப் பிடித்தார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்த அஷ்வினிக்கு, இந்த வேன் எங்கும் போய்ச் சேராமல் இப்படியே மழைக்குள் போய்க்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராயிருந்தது. பாலாமணியைப் பச்சை அங்கியில் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு மடக்கச் சொன்னார்கள். சரி. தலையைக் குனியச் சொன்னார்கள். சரி. நர்ஸ் முதுகில் மருந்து தடவினார். அந்த முதுகு மிகச் சின்னதாக இருந்தது. முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முத்துலட்சுமி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

பாலாமணியின் கண்கள் மட்டும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு முகமாகப் போய் நின்று, ஒன்றும் கிடைக்காமல் நகர்ந்தன. அஷ்வினியிடம் வந்தபோதும் அப்படித்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் அஷ்வினி.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், அந்த முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள். கன்னடத்தில் பேசினாள். நாம் எங்கே இருக்கிறோம் என்று சொன்னாள். முதுகில் ஒரு ஊசி போடுவார்கள், வலிக்கும், பிறகு தலை வலிக்கலாம். உள்ளே இருக்கிற நீரைக் கொஞ்சம் எடுப்பார்கள். மறதி எப்படி வருகிறது என்று படிப்பதற்காக.

பாலாமணி முழுவதும் கேட்டார். அவசரப்படவில்லை. பிறகு, அதனால் எனக்குச் சரியாகுமா என்று கேட்டார்.

"இல்லம்மா. உங்களுக்கு ஆகாது. இன்னும் ரொம்ப நாள் கழிச்சு, வேற யாருக்காவது ஆகலாம்."

யாருக்கு?

"எனக்கா இருக்கலாம்" என்றாள்.

பாலாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறார் என்பது தெரிந்தது. எதையோ எடுத்து, திருப்பிப் பார்த்து, வைப்பது போல. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பாலாமணி மடக்கியிருந்த கையை மெதுவாக நீட்டி, அஷ்வினியின் கன்னத்தைத் தொட்டார்.

"பேட" என்றார். வேண்டாம். இன்னொரு முறை, தெளிவாக, "பேட. நான் வீட்டுக்குப் போகணும்" என்று கன்னடத்திலேயே சொன்னார்.

முத்துலட்சுமிக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கையுறையைக் கழற்றினார். "எழுப்பி உட்காரவைங்க" என்றார் நர்ஸிடம்.

நடைபாதையில் காத்திருந்த வெங்கடரமணனுக்குத்தான் அது தாங்கவில்லை. குரல் உயர்த்தாத மனிதர் குரலை உயர்த்தினார். "அவளுக்கு என்னம்மா தெரியும்? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல? சின்னப் பிள்ளை ஊசி வேணாம்னா விட்டுருவோமா?"

"தெரிஞ்சுதான்யா சொல்றாங்க. கேள்வி கேட்டாங்க, யோசிச்சாங்க, வேண்டாம்னாங்க." அஷ்வினி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அன்னைக்கு நான் தமிழ்ல கேட்டேன். சரின்னு வரும்னு தெரிஞ்சேதான் கேட்டேன். அது என் தப்பு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ரொம்பத் தாழ்வாக, "எங்கிட்ட ரெண்டு வருசமா அவ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலம்மா" என்றார். "எங்கிட்ட மட்டும் எல்லாத்துக்கும் சரிதான்."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. வழியெல்லாம் தண்ணீர் நின்றது. வரப்புகள் முழுகி, வயல்கள் வானத்தைப் போலக் கிடந்தன. பாலாமணி தூங்கிவிட்டார், கணவரின் தோளில் சாய்ந்து. வெங்கடரமணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காரியாபட்டி தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே, "அந்த வார்த்தை என்னம்மா? இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

சொன்னாள். அவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பார்த்தார்.

பயிற்சியின் அரையாண்டுக் கூட்டத்தில் அஷ்வினிக்குக் காட்டுவதற்கு நீர்க்குப்பிகள் அதிகம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், தான் தமிழில் கேட்டதையும் சேர்த்து. பின் வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டத்தை மாற்றித் தரும்படி கேட்டாள்: நெசவுக்காரத் தெருக்களில் நினைவுச் சோதனையை வீட்டு மொழியில் செய்ய வேண்டும், கன்னடத்திலும் தெலுங்கிலும் கேள்விகளைப் புதிதாக உருவாக்க வேண்டும், சம்மதமும் அதே மொழியில் கேட்க வேண்டும். முத்துலட்சுமி கொஞ்சம் கடுமையாகவே, ஒரு வருடம் பின்னால் போய்விடுவாய் என்றார். பிறகு அனுமதித்தார். எண்களைப் பார்த்துத் தருகிறேன் என்று அனீஸ் வந்து சேர்ந்துகொண்டான். ஏற்கெனவே முற்றிவிட்டதாகச் சொல்லி ஒதுக்கியிருந்தவர்களில் நான்கு பேர் அப்படி இல்லை என்று தை மாதத்துக்குள் தெரிந்தது. அவர்களில் ஒருவர், பட்டுத் தறிக்காரர், நன்றாகக் கேட்டு விசாரித்துவிட்டு, எடுத்துக்கோ தாயி என்று முதுகைக் காட்டினார்.

மாசியில் ஒரு பிற்பகல் அஷ்வினி பாளையம்பட்டியில் இறங்கினாள். வேலையாக வரவில்லை. கரிசலில் கொத்தமல்லி பூத்திருந்தது. பஸ்ஸுக்குள்ளேயே அந்த வாசனை வந்து அவளை எழுப்பியிருந்தது.

கடையில் ஆள் இல்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வெங்கடரமணன் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாலாமணி நாற்காலியில்.

"ஊட்டா ஆயித்தா?" என்றார் அவர். சாப்பிட்டாயிற்றா. சொல் தெலுங்கு வாடையோடு கரடுமுரடாக வந்தது.

பாலாமணி அவரை உற்றுப் பார்த்தார். யாரென்று தெரிந்து பார்த்த பார்வையா, புதிதாக வந்த ஒருவரை எடைபோடும் பார்வையா என்று அஷ்வினியால் சொல்ல முடியவில்லை. பிறகு பாலாமணி அந்தச் சொல்லைத் திருத்திச் சொன்னார். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடி தப்பு. பாலாமணி நெற்றியில் கை வைத்துக்கொண்டு, உனக்கு வராது, நீ போய் வேறு வேலை பார் என்று கன்னடத்தில் திட்டத் தொடங்கினார். நீளமாக, கை ஆட்டி, நல்ல கோபத்தோடு திட்டினார். வெங்கடரமணனுக்குப் பாதிக்கு மேல் விளங்கியிருக்காது. கீரைக்காம்பைக் கையில் பிடித்தபடி, மழையில் நனைகிறவர் போல முகத்தை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்னால் யாரோ சில்லறையால் கண்ணாடிப் பாட்டிலைத் தட்டி, "கடையில ஆளில்லையா?" என்றார்கள்.

அவர் எழுந்திருக்கப் போனார். "நீங்க இருங்க, நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அஷ்வினி கடைப்பக்கம் நடந்தாள். அரை லிட்டர் நல்லெண்ணெய் வேண்டுமாம். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரியில் தேடத் தொடங்கினாள்.